641-ஆல் வகுத்துப் பார்த்திருக்கலாம்!

4294967297.

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. சட்டென்று பார்த்தால் யாருடையதோ தொலைபேசி எண் மாதிரி இருக்கிறது. பத்து இலக்கம், ஒற்றைப்படை, கடைசியில் ஒரு 7. 3-ஆல் வகுத்தால் வகுபடாது. 5, 7, 11, 13... ம்ஹூம். எதற்கும் மசியாது. "இது பகா எண்ணாகத்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடத் தோன்றும்.

அப்படித்தான் ஒருவர் சொன்னார். அவர் சாதாரண ஆள் இல்லை, பியரி டி ஃபெர்மா! அவர் சொன்னது தவறு என்று காட்ட 92 ஆண்டுகள் ஆயின. அந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் புதிய கணிதம் எதுவும் தேவைப்படவில்லை. காகிதமும் பேனாவும் ஒரு மதியப்பொழுதும் இருந்தால் போதும். கணக்குப் பாடத்தில் பள்ளி மாணவர்கள் மறக்காமல் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டென்றால் அது 1729 அல்ல, இந்த 4294967297 தான். ஏன் என்று பார்க்க, எண் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

எண் பிறந்த கதை

2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை வர்க்கப்படுத்தினால் 4. அதை வர்க்கப்படுத்தினால் 16. அப்புறம் 256. அப்புறம் 65536. அப்புறம் 4294967296. இப்போது ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள்.

3, 5, 17, 257, 65537, 4294967297...

இவற்றுக்குத்தான் ஃபெர்மா எண்கள் என்று பெயர். முதல் ஐந்தும் பகா எண்கள். 3, 5, 17 பார்த்த மாத்திரத்தில் தெரியும். 257-க்குக் கொஞ்சம் வகுத்துப் பார்க்க வேண்டும். 65537-க்கு 256 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். மொத்தம் 54 வகுத்தல்கள். ஒன்றும் மீதியின்றி வகுபடாது.

ஃபெர்மா தொழில்முறைக் கணிதரே இல்லை. பிரான்சின் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. 1640-இல் நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னார். தன்னிடம் அதற்கு நிரூபணம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆனாலும் நம்பிக்கை மட்டும் குறையவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 1654-இல் பாஸ்கலுக்கு எழுதிய கடிதத்திலும் இதே விஷயம் வருகிறது.

ஐந்து சரி. ஆகவே எல்லாம் சரி. அதுதான் அவருடைய நம்பிக்கை.

1729-இல் ஒரு கடிதம்

அடுத்த காட்சி ரஷ்யாவில். 1729 டிசம்பரில் (ஆமாம், அதே 1729! தற்செயல்தான்) கோல்ட்பாக் என்பவர் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா, யாரும் நிரூபித்த மாதிரி தெரியவில்லையே என்ற ரீதியில் ஒரு கேள்வி அதில் இருந்தது. ஆய்லர் முதலில் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பிறகு ஏதோ உறுத்தியிருக்கிறது. 1732-இல், 25 வயதில், விடையைச் சொல்லிவிட்டார்.

4294967297 = 641 × 6700417.

அவ்வளவுதான். ஃபெர்மாவின் நம்பிக்கை காலி.

சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே பெருக்கிப் பார்க்கலாம். 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200. 41-ஆல் பெருக்கினால் 274717097. கூட்டினால் 4294967297. ஐந்தாம் வகுப்புக் கணக்கு!

பெருக்கவே வேண்டாம், இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்.

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவதை 2²⁸-ஆல் பெருக்கினால், 5⁴ × 2²⁸ + 2³² என்பது 641-ஆல் வகுபடும். இது முதல் எண். 5⁴ × 2²⁸ என்பது 640-இன் நான்காம் அடுக்கு. 640⁴ − 1 என்பதைக் காரணிப்படுத்தினால் அதில் (640 + 1) ஒரு காரணி. ஆகவே 5⁴ × 2²⁸ − 1 என்பதும் 641-ஆல் வகுபடும். இது இரண்டாவது எண். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1. இரண்டும் 641-ஆல் வகுபடுகின்றன என்றால் வித்தியாசமும் வகுபடத்தானே வேண்டும்? 2³² + 1 என்பது 4294967297 தான். முடிந்தது.

பத்தாம் வகுப்பு இயற்கணிதம் தெரிந்தவர் யாரும் இதைப் புரிந்துகொள்ளலாம். பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூடத் தொடாமல் அதன் காரணியைப் பிடித்தாகிவிட்டது!

பயமுறுத்திய அளவு

இவ்வளவு எளிய விஷயம் 92 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போனது எப்படி?

முதல் காரணம், எண்ணின் அளவு. 4294967297 பகா எண்தான் என்று வகுத்தல் மூலம் உறுதி செய்ய வேண்டுமானால் 65536 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படி 6542 பகா எண்கள் இருக்கின்றன. இறகுப் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு 6542 நீள் வகுத்தல் போட யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆனால் வேடிக்கை என்னவென்றால், 6542 தேவையே இல்லை. 2-இல் தொடங்கி வரிசையாக எண்ணினால் 641 என்பது 116-ஆவது பகா எண். வேறு எந்தத் தந்திரமும் தெரியாத ஒருவர், 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தால் 116-ஆவது வகுத்தலில் மீதி பூஜ்யம் வந்திருக்கும். 65537-க்கு 54 வகுத்தல் போட்டவருக்கு, இன்னும் இரண்டு மடங்கு வேலை. அவ்வளவுதான்!

இரண்டாவது காரணம்தான் முக்கியம். சொன்னவர் ஃபெர்மா. அவருடைய பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அப்படிப்பட்டவர் சொன்னதைப் போய் 641-ஆல் வகுத்துப் பார்ப்பதா என்று தோன்றுவது இயல்பு. இத்தனைக்கும் அவரே "நிரூபணம் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் வைத்த சந்தேகக்குறியைக் கேட்டவர்கள் கண்டுகொள்ளவில்லை. பெரிய பெயருக்கு இருக்கிற ஆபத்து அதுதான்.

கையிலேயே இருந்த ஆயுதம்

இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. பிழையைக் கண்டுபிடிக்கத் தேவையான ஆயுதம் ஃபெர்மாவின் கையிலேயே இருந்தது.

அதே 1640-இல் அவர் 2³⁷ − 1 என்ற எண்ணுக்கு 223 என்ற காரணியைக் கண்டுபிடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்த்து அல்ல. அந்த வகை எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 37-இன் இரட்டைப்படை மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று யோசித்து, தேட வேண்டிய எண்களை வடிகட்டிவிட்டார் (223 = 6 × 37 + 1). இதே யோசனையை 4294967297-க்கும் பயன்படுத்தலாம். இதன் பகாக் காரணிகள் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும். பின்னாளில், 1740-களில், ஆய்லர் இதை நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து! 116 வகுத்தல்கூட வேண்டாம், ஐந்தாவது வகுத்தலிலேயே விடை.

இன்னொரு ஆயுதமும் இருந்தது. இன்று "ஃபெர்மாவின் சிறிய தேற்றம்" என்று எல்லோரும் படிப்பது, அதுவும் 1640-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில்தான் வருகிறது. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதனால் வகுபடாத எந்த எண்ணையும் "பகா எண் கழித்தல் ஒன்று" என்ற அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். உதாரணமாக 7 பகா எண். 3⁶ = 729. 7-ஆல் வகுத்தால் மீதி 1. மீதி 1 வரவில்லை என்றால் அந்த எண் பகா எண்ணே இல்லை.

4294967297-ஐ இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் என்ன ஆகும்? 2-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 வருகிறது! பகா எண் வேஷம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. 3-ஐ வைத்துச் சோதித்தால் வேஷம் கலைந்துவிடுகிறது, மீதி 1 வருவதில்லை. 3-இன் 4294967296-ஆம் அடுக்கு என்றதும் மலைத்துவிட வேண்டாம். 3-ஐ 32 தடவை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு தடவையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அலுப்பான வேலைதான், ஆனால் கையால் செய்யக்கூடிய வேலை.

ஆக, தேற்றம் அவருடையது. நம்பிக்கையும் அவருடையது. ஒன்றை மற்றொன்றோடு மோத விட்டிருந்தால் நம்பிக்கை உடைந்திருக்கும். அந்தப் பிழை அறிவுக் குறைவால் வந்தது இல்லை. "இது சரிதான்" என்று மனம் முடிவு கட்டிவிட்டால் கை தானாகவே சோதிப்பதை நிறுத்திவிடுகிறது. மேதைகளுக்கும் இது விலக்கில்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜீரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவனை லண்டனுக்குக் கூட்டிவந்து மனக்கணக்கு வித்தை காட்டினார்கள். அப்போது அவனுக்கு எட்டு வயது. இதே எண்ணைக் கொடுத்தபோது 641 என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிட்டான் என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அவனுக்கு ஃபெர்மா யார் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒருவேளை அதுகூட ஒரு வசதிதானோ என்னவோ!

இரண்டு குறைத்தால்

இந்த எண் தோல்விச் சின்னம் மட்டும்தானா என்றால், இல்லை. இதிலிருந்து 2-ஐக் கழித்துப் பாருங்கள். 4294967295. இதன் காரணிகள்?

3 × 5 × 17 × 257 × 65537.

ஃபெர்மாவின் ஐந்து உண்மையான பகா எண்களின் பெருக்குத்தொகை! ஆறாவது ஆள் ஏமாற்றிவிட்டாலும், முன்னால் வந்த ஐவரையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.

காஸ் 1796-இல், பத்தொன்பது வயது ஆவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு 17 பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை இப்படி வரைய வேண்டுமென்றால், பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். இன்றுவரை தெரிந்த அத்தகைய பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். யாரும் வரையப்போவதில்லை. ஆனால் வரைய முடியும் என்பது உறுதி. ஃபெர்மாவின் தவறான நம்பிக்கை கிளப்பிவிட்ட எண்கள், அவர் நினைத்தே பார்த்திராத வடிவியலில் போய் நின்றன.

நடுவில் உள்ள 4294967296, அதாவது 2³², எல்லோர் வீட்டுக்கும் வந்துபோகிற எண். பழைய இணைய முகவரி முறையில் இருக்கக்கூடிய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை இதுதான். 65537 இன்றும் இணையத்தில் ரகசியக் குறியீட்டுக்குப் பயன்படுகிறது. "இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்பவர்களுக்கு இவ்வளவு பதில் போதும்.

இப்போது கணினி இருக்கிறதே?

இன்று ஒரு சாதாரணக் கணினி 641-ஐக் கண் இமைப்பதற்குள் கண்டுபிடித்துவிடும். ஆகவே இந்தப் பழங்கதை எதற்கு என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கணினி செய்வதும், பெரும்பாலும், ஃபெர்மா செய்ததைத்தான். அவர் ஐந்தைப் பார்த்தார், கணினி ஐந்து லட்சம் கோடியைப் பார்க்கும். "எல்லாம்" என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான்.

இதற்கும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதைத் தோராயமாகச் சொல்ல ஒரு புகழ்பெற்ற சூத்திரம் உண்டு. அது எப்போதும் உண்மையான எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். கணினிகள் நேரடியாக எண்ணிப் பார்த்த எல்லை முழுவதும் அப்படித்தான். ஆனால் 1914-இல் லிட்டில்வுட் என்பவர், எங்கேயோ ஓரிடத்தில் அது குறைவாகக் காட்டியே தீரும், அதுவும் ஒரு தடவை அல்ல, முடிவில்லாத தடவைகள் என்று நிரூபித்தார். அப்படி ஓர் இடம் 10-இன் 316-ஆம் அடுக்கை ஒட்டி இருக்கிறது என்பது பின்னாளில் தெரிந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட இலக்கங்கள்! ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் எந்தக் கணினியும் அங்கே சேரப்போவதில்லை. நிரூபணம் மட்டுமே போய்ச் சேரும்.

இந்த இடத்தில் ராமானுஜனைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். "நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னார், அவருக்கு நிரூபணமே தேவைப்படவில்லை" என்று பெருமையாகப் பேசுவது வழக்கம். 1913-இல் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் தவறானவை. ஹார்டியே இதைப் பின்னாளில் விளக்கமாக எழுதியிருக்கிறார். இதனால் ராமானுஜனின் புகழ் இம்மியும் குறைவதில்லை. அவருடைய உள்ளுணர்வில் எது தங்கம், எது பித்தளை என்று உரசிப் பார்த்தது நிரூபணம்தான். அந்த உரைகல் இல்லையென்றால், அவர் சொன்ன மகத்தான விஷயங்களும் தவறானவையும் ஒரே குவியலில் கிடந்திருக்கும். ராமானுஜனுக்கு நிரூபணம் தேவையில்லை என்று சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

வகுப்பறைக்கு வந்தால்

வகுப்பறைகளில் நடப்பது என்ன? சூத்திரம் பலகையில் எழுதப்படும். இரண்டு உதாரணம் போடப்படும். இரண்டும் சரியாக வரும். "பாத்தீங்களா, சரியா வருது!" அடுத்த பாடம். "நிரூபி" என்று தொடங்கும் கேள்விகள் விருப்பக் கேள்விகளாக ஒதுக்கப்படும், அல்லது வரி மாறாமல் மனப்பாடம் செய்யப்படும். ஏன் என்று கேட்கும் மாணவனுக்கு "பரீட்சைக்கு அது வராது" என்பது பதில்.

உதாரணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உதாரணம் இல்லாமல் ஃபெர்மாவுக்கு அந்த யோசனையே வந்திருக்காது. உதாரணம் வழிகாட்டும், ஆனால் உத்தரவாதம் தராது. இந்த வித்தியாசத்தை ஒரு மாணவன் கணக்கு வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை என்றால் வேறு எங்கே கற்றுக்கொள்வான்? "ஐந்து பேருக்கு இந்த மருந்து கேட்டது", "ஐந்து தடவை இந்த ராசிக்கல் பலித்தது", "ஐந்து வருஷமாக இந்தச் சீட்டுக் கம்பெனி ஒழுங்காகப் பணம் தருகிறது"... எல்லாம் 3, 5, 17, 257, 65537 கதைதான். ஆறாவது எண் வரும்போதுதான் தெரியும்.

கதை இன்னும் முடியவில்லை

ஆய்லருக்குப் பிறகு என்ன ஆனது? ஏழாவது ஃபெர்மா எண்ணும் பகு எண்தான். அதற்கு 274177 என்ற காரணி இருக்கிறது. எட்டாவதும் பகு எண், ஒன்பதாவதும் பகு எண். வரிசையில் 4294967297 தொடங்கி அடுத்தடுத்து 28 எண்கள் பகு எண்கள் என்று இன்றைக்குத் தெரியும். அவற்றில் இரண்டுக்குக் காரணி என்ன என்பதே தெரியாது, பகு எண் என்பது மட்டும் உறுதி. 29-ஆவது எண்ணைப் பற்றி இன்னும் யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்கு 250 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள்.

இந்த 28 தோல்விகளைப் பார்த்துவிட்டு, "ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே ஐந்துதான், இனி கிடைக்காது" என்று கணிதர்கள் பலர் நம்புகிறார்கள். அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. நல்ல காரணங்களும் சொல்கிறார்கள்.

ஆனால் யாரும் நிரூபிக்கவில்லை!

ஃபெர்மா ஐந்தைப் பார்த்து "எல்லாம் பகா எண்" என்றார். இன்றைக்கு 28-ஐப் பார்த்து "இனி எல்லாம் பகு எண்" என்பது எவ்வளவு பாதுகாப்பானது? சரியாகவும் இருக்கலாம். ஆனால் "தோன்றுகிறது" என்பதையும் "நிரூபணமாகிவிட்டது" என்பதையும் பிரித்துச் சொல்லும் நாணயம் ஃபெர்மாவிடம் இருந்தது. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் செய்யாமல் விட்டதை ஆய்லரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை யாராவது "எல்லா இடத்திலும் இப்படித்தான் வருது, சந்தேகமே வேண்டாம்" என்று சொன்னால், மறுத்துப் பேச வேண்டியதில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, 641-ஆல் வகுத்துப் பார்த்தால் போதும்.